மூன்று சதக் கட்டணமும் ஒரு மாநகர முதல்வரும்

மாநகர சபைத் தேர்தல்கள் நெருங்கும்போது வீதி, வடிகால், குப்பை, போக்குவரத்து ஆகியன பற்றிய வாக்குறுதிகள் தாராளமாக வழங்கப்படுவது எந்த நாட்டிலும் வழமையே. தேர்தல் முடிந்த பின்னர் அவற்றுக்கு என்ன நேர்கின்றது என்பதையும் வாக்காளர் அறிவர். ஆனால், போக்குவரத்துக் கட்டணத்தைக் குறைப்பேன் என்ற வாக்குறுதியை முன்வைத்து நான்கு தேர்தல்களில் வென்று, அதனை நிறைவேற்றியும் காட்டி, நிறைவேற்றிய அந்த விடயத்தினாலேயே பதவியிழந்த ஒருவரின் வரலாறு அபூர்வமானது. அவர்தான் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள கிளீவ்லன்ட் நகரின் முதல்வராக 1901 முதல் 1909 இறுதி வரை விளங்கிய டொம் ஜோன்சன்.

1854 ஜூலை 18 ஆம் திகதி கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர் ஜோன்சன். அவரது தந்தையார் உள்நாட்டுப் போரில் தோல்வியுற்ற தென்மாநிலங்களின் படையில் அதிகாரியாக இருந்தவர். போர் முடிந்தபோது குடும்பத்தின் செல்வமும் முடிந்திருந்தது. சிறுவன் ஜோன்சன் வேர்ஜீனியாவின் ஸ்டோன்டன் நகரில் பத்திரிகை விற்கத் தொடங்கினான். அவனிடம் அன்பு கொண்ட ரயில் நடத்துனர் ஒருவர், தமது வண்டியில் வேறெவரும் பத்திரிகை கொண்டுவர இடமளிக்கவில்லை. போட்டியின்றி, வைத்ததே விலையாக விற்ற அந்தச் சிறுவன் ஐந்து வாரங்களில் 88 டொலர் சம்பாதித்தான். நடத்துனர் மாற்றப்பட்டதும் வியாபாரமும் நின்றுபோனது. ஏகபோக உரிமையின் மகத்துவத்தை அவ்வயதிலேயே கற்றுக்கொண்டதாக ஜோன்சன் பிற்காலத்தில் எழுதிய சுயசரிதை கூறுகின்றது.

கற்ற பாடத்தை அவர் வீணாக்கவில்லை. லூயிவில் நகரின் டிராம் கம்பனியொன்றில் சாதாரண ஊழியராகச் சேர்ந்து விரைவாக உயர்ந்தார். பயணிகள் இடும் காசு வெளியே தெரியும் வகையில் கண்ணாடி பொருத்திய கட்டணப் பெட்டியொன்றை வடிவமைத்து அதன் உரிமத்தினால் பணம் ஈட்டினார். 1876 இல் கடன் பெற்று இண்டியானாபொலிஸ் நகரின் டிராம் சேவையை வாங்கினார். 1879 இல் கிளீவ்லன்ட்டில் காலூன்ற முற்பட்டபோது, பின்னாளில் மக்கின்லியை ஜனாதிபதியாக்கிய அரசியல் சூத்திரதாரி மார்க் ஹனாவே அவருக்குப் போட்டியாளராக எதிர்ப்பட்டார்.

அக்கால டிராம் வர்த்தகத்தின் இரகசியத்தை இங்கு விளங்கிக்கொள்ள வேண்டும். வண்டியும் தண்டவாளமும் கம்பனியினுடையவை. ஆயினும் தண்டவாளம் பதிக்கப்பட்ட வீதி பொதுமக்களுடையது. அவ்வீதியை நீண்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமத்தை மாநகர சபையே வழங்கியது. கம்பனிகளின் உண்மையான செல்வம் வண்டிகளில் அன்றி இந்த உரிமத்திலேயே தங்கியிருந்தது. ஆகவே, சபை உறுப்பினர் எவர், முதல்வர் எவர் என்பது கம்பனிகளுக்கு வாழ்வா சாவா என்ற பிரச்சினையாயிற்று. இந்த வியாபாரத்தின் நெளிவு சுளிவுகள் அனைத்தையும் உள்ளிருந்து அறிந்தவர் ஜோன்சன்.

அவரை மாற்றியது ஒரு புத்தகம். ரயில் பயணமொன்றின்போது வாங்கிய ஹென்றி ஜோர்ஜின் நூல், சமூகம் உருவாக்கும் செல்வம் தனியார் சிலரின் கைகளில் சேர்வதே வறுமைக்குக் காரணம் என வாதிட்டது. கலக்கமுற்ற ஜோன்சன், ஜோர்ஜின் மற்றொரு நூலைத் தமது சட்டத்தரணியிடம் கொடுத்து, அதிலுள்ள பிழையைக் கண்டுபிடித்துத் தருமாறு கேட்டாராம். சட்டத்தரணியால் முடியவில்லை. அதன்பின் ஜோன்சன் ஜோர்ஜின் நண்பராகவும் சீடராகவும் ஆனார். 1891 முதல் 1895 வரை ஜனநாயகக் கட்சியின் சார்பில் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தபோது, உருக்குத் தண்டவாள உற்பத்தியாளராக இருந்துகொண்டே உருக்குத் தண்டவாளத்துக்கான இறக்குமதித் தீர்வையை நீக்க வேண்டுமென வாதிட்டார். தமது பணப்பைக்கு எதிராகவே பேசிய அரசியல்வாதிகளைக் காண்பது அரிது.

1901 ஏப்ரலில் அவர் கிளீவ்லன்ட் முதல்வரானார். டிராம் கட்டணம் அப்போது ஐந்து சதம். மூன்று சதமே போதுமென்றார் அவர். கூலித் தொழிலாளிக்கு நாளாந்தம் மிஞ்சும் நான்கு சதம் சிறு தொகையன்று. கம்பனிகளின் கணக்கு வழக்குகளை அறிந்த ஒருவர் சொல்வதால் மக்கள் நம்பினர். மண்டபங்களுக்குப் பதிலாகப் பெரும் கூடாரங்களை அமைத்துக் கூட்டங்களை நடத்தினார். எதிராளிகளும் எழுந்து கேள்வி கேட்கலாம், அவர் பதிலளிப்பார். பூங்காக்களில் புல்லில் நடக்கக்கூடாதென்ற அறிவிப்புப் பலகைகளை அகற்றினார். பால், இறைச்சிப் பரிசோதனைகளை இறுக்கினார். பெருஞ்சொத்துக்களுக்குக் குறைவாகவே வரி மதிக்கப்பட்டிருந்ததை அம்பலமாக்கினார். 1903, 1905, 1907 தேர்தல்களிலும் வெற்றி அவருக்கே.

கம்பனியோ நீதிமன்றத்தை நாடியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தடையுத்தரவுகள் அவரது திட்டத்தின் வழியில் குறுக்கிட்டன. புதிய உரிமம் பெற்ற மூன்று சதக் கம்பனியின் முதலாவது வண்டி 1906 நவம்பர் முதலாம் திகதியே ஓடியது. அதனைச் செலுத்தியவர் முதல்வரே. 1908 ஏப்ரல் இறுதியில், நகரின் டிராம் சேவை முழுவதும் மாநகர நலன் கருதி அமைக்கப்பட்ட நிறுவனமொன்றின் கைக்கு வந்தது. முதல் நாள் அனைவருக்கும் இலவசப் பயணம். ஏழாண்டுப் போராட்டம் வென்றுவிட்டதாகவே எல்லோரும் எண்ணினர்.

உண்மையான சோதனை அதன் பின்னரே ஆரம்பமாயிற்று. பழைய கம்பனி ஊழியருக்கு உறுதியளித்திருந்த சம்பள உயர்வு தொடர்பாக மே மாதத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. வன்முறையும் வெடித்தது. பொருளாதார மந்தத்தினால் வருமானம் குறைந்தது. செலவைச் சமாளிப்பதற்காகச் சேவைகள் குறைக்கப்பட்டன. வண்டி மாறுவதற்கு மேலதிகமாக ஒரு சதம் அறவிடப்பட்டது. தரிப்பிடத்தில் காத்து நின்ற பயணிக்குத் தத்துவம் தெரியவில்லை, வராத வண்டியே தெரிந்தது. வேலையிழந்த ஊழியர் வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டிச் சர்வஜன வாக்கெடுப்பைக் கோரினர். அவ்வாண்டு ஒக்டோபரில் ஏறத்தாழ 600 வாக்கு வித்தியாசத்தில் திட்டம் தோற்கடிக்கப்பட்டது. 1909 நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஹேர்மன் பேரிடம் ஜோன்சனும் தோற்றார்.

தொழிலாளியின் தோழனாகத் திகழ்ந்தவரைத் தொழிலாளரே வீழ்த்தினர் என்பது நன்றிகெட்ட செயலாகச் சிலருக்குத் தோன்றலாம். அவ்வாறு தீர்ப்பளிப்பது பொருந்தாது. பயணிக்குக் கட்டணம் குறையும்போது அந்தக் குறைவை யார் சுமப்பது என்ற வினாவுக்கு அவரது நிர்வாகத்திடம் தெளிவான விடை இருக்கவில்லை. ஊழியரின் சம்பளமும் சேவையின் தரமுமே அதற்குப் பலியாயின. கம்பனியை எதிர்த்து வெல்வது ஒரு திறமை, மறுநாள் காலை வண்டியை நேரத்துக்கு ஓட்டுவது வேறொரு திறமை என்பதை அவர் பெரும் விலை கொடுத்தே அறிந்தார்.

ஆயினும் அவரது உழைப்பு வீண்போகவில்லை. 1910 பெப்ரவரியில் வாக்காளர் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி சேவை மீண்டும் தனியாரிடம் சென்றபோதிலும், பங்குதாரருக்கு ஆறு சதவீத இலாபமே வரையறுக்கப்பட்டது. மாநகரின் மேற்பார்வையும் உறுதியாயிற்று. கட்டணமோ மூன்று சதத்திலேயே ஆரம்பித்தது. 1942 இல் போக்குவரத்துச் சேவை முழுமையாக மாநகரின் உடைமையானது.

அதனைக் காண அவர் இருக்கவில்லை. செல்வத்தின் பெரும்பகுதியை இழந்து, மாளிகையைவிட்டு வெளியேறி, நோயுடன் போராடியவாறே சுயசரிதையை எழுதுவித்த ஜோன்சன் 1911 ஏப்ரல் 10 ஆம் திகதி தமது 56 ஆவது வயதில் காலமானார். நியூயோர்க்கின் புரூக்ளினில் ஹென்றி ஜோர்ஜின் கல்லறைக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவரைத் தோற்கடித்த நகரம், சில ஆண்டுகளிலேயே தன் மையச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை எழுப்பியது.

கட்டணத்தைக் குறைப்போம் என எவரும் மேடையில் கூறலாம். அதற்கான பணம் எங்கிருந்து வரும், ஊழியருக்கு என்ன நேரும், எத்தனை வண்டிகள் ஓடும் என்பவற்றையும் அம்மேடையிலேயே கூறுமாறு கேட்பது வாக்காளரின் உரிமை மட்டுமன்றிக் கடமையுமாகும். ஜோன்சனின் கூடாரங்களில் எவரும் எழுந்து கேள்வி கேட்க முடிந்தது. அந்த வழமையை வேட்பாளர்கள் பின்பற்றுகின்றார்களா என்பதை முதலில் கவனிப்போமாக.