திறப்பைக் கையில் வைத்திருக்காத நூலகர்

நாங்கள் படித்த காலத்தில் பாடசாலை நூலகம் என்றால் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிகள்தான். புத்தகங்களின் முதுகைப் பார்க்கலாம், தொட முடியாது. அலுமாரித் திறப்பு மேசை லாச்சிக்குள் இருக்கும். லாச்சிக்கும் ஒரு திறப்பு உண்டு. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. புத்தகம் தொலைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டிய காலம் அது. நூற்றாண்டு மலருக்கு ஒருவரின் வாழ்க்கையை எழுதக் கேட்டபோது, அந்தக் கதவுகளைத் திறக்கச் சொன்ன மனிதர்தான் நினைவுக்கு வந்தார்.

எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் தமிழ்நாட்டின் சீர்காழியில் பிறந்தவர். கணிதம் படித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் அதையே கற்பித்தார். பேச்சில் திக்கல் இருந்தது. அதை வென்று வகுப்பறையில் நின்றார் என்பது வைத்தியத் தொழிலில் இருக்கும் நமக்குச் சிறிய விடயமாகத் தெரியவில்லை.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். ஆசைப்பட்டு வந்தவரல்லர்; அங்கே சம்பளம் கூட. வந்த கொஞ்ச நாளிலேயே தனிமை தாங்காமல், பழைய கல்லூரி அதிபரிடம் போய்த் தன்னைத் திரும்ப எடுக்கும்படி கேட்டார். லண்டன் போய்ப் படித்து வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பார்ப்போம் என்பதுதான் அப்போது ஏற்பட்ட உடன்பாடு. திரும்ப ஆசிரியராகும் எண்ணம் லண்டனோடு போய்விட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். சாதாரண மனிதர்களும் பிள்ளைகளும் நேரே அலுமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுப்பதைக் கண்டார். கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பார்த்தபோது, சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி எத்தனையோ உருவங்கள் செய்யலாமென்றால் பாடங்களையும் அப்படி வகுக்கலாமே என்று தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. அந்த முறையை இன்று வெகு சில நூலகங்களே பின்பற்றுகின்றன. அதனால் அவர் சிறுத்துவிடவில்லை.

1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகள்தான் நிலைத்தன. புத்தகம் பூட்டி வைக்கவல்ல, பயன்படுத்தவே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் இருக்கிறார். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். நமக்குப் பிடித்தது மூன்றாவது. வாசகரைத் தேடிப் போகும் வேலையை நூலகரின் தலையில் வைப்பது அதுதான்.

இருபது வருடம் சென்னையில் இருந்தார். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வர உழைத்தார். பின்னர் தன் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயை நூலகவியல் கற்பிக்கவென்றே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். யாழ்ப்பாணப் பொது நூலகம் உருவாகும்போது ஆலோசனை சொன்னவரும் அவரே. 1972இல் காலமானார். அந்த நூலகமும் அதிலிருந்த சுமார் 97,000 நூல்களும் 1981இல் எரிந்ததை அவர் காணவில்லை.

இன்று ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தேடுகிறார்கள். இனி நூலகர் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நாம் மேற்படிப்புப் படித்தபோது, உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி மூலம் ஆயிரக்கணக்கான மருத்துவச் சஞ்சிகைகள் கணினிக்குள் வந்திருந்தன. ஒரு பிள்ளையின் நோய்க்காக இரண்டு இரவுகள் தேடியும் நமக்குக் கிடைக்காத கட்டுரையை, நம்மிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு அரைமணி நேரத்தில் எடுத்துத் தந்தவர் ஒரு நூலகர். பூட்டு இல்லாத இடத்திலும் வழி தெரியாமல் நின்றோம். எது நம்பத்தக்க ஆய்வு, எது காசுக்கு அச்சிட்டது என்று பிரித்துக் காட்டுவதும் இப்போது அவர்கள் வேலையாகிவிட்டது.

நூற்றாண்டு நினைவாகப் பாடசாலை நூலகத்துக்குக் கணினி கொடுப்பதா, புதிய அலுமாரி கொடுப்பதா என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. இரண்டும் வரட்டும். அதற்கு முன், பயிற்சி பெற்ற முழுநேர நூலகர் ஒருவரை அமர்த்துவோம் என்று உலகெங்கும் இருக்கும் ராத்தாமாரையும் தங்கச்சிமாரையும் கேட்கிறோம். முதல் வருடக் கொடுப்பனவை எங்கள் வகுப்பு ஏற்கும்.