நாடற்றோரின் நண்பர் நான்சன்

பள்ளிப் பருவத்திலே நாம் பிரிட்யொவ் நான்சனை வடதுருவப் பயணியாகவே கற்றோம். பனிக்கடலின் படத்தோடு பாடம் முடிந்துவிட்டது. அப்பெரியாரது வாழ்வின் பிற்பகுதி அதனினும் அரிய பயணம் என்பதைப் பின்னரே அறிந்தோம். நாடுகள் ஒன்றையொன்று ஐயுறும் இக்காலத்தில், அப்பகுதியே நம்மனோர் சிந்தனைக்கு உரியது.

நோர்வே நாட்டின் தலைநகருக்கு அண்மையில் 1861ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் நான்சன் பிறந்தார். விலங்கியல் கற்று, நரம்பமைப்பை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். 1888இல் ஐந்து தோழருடன் கிறீன்லாந்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். 1893இல் ‘பிராம்’ என்னும் கப்பலில் துருவம் நோக்கிப் புறப்பட்டார். பனிக்கட்டி நெருக்குந்தோறும் நொறுங்காது மேலெழும்பும்படி அக்கப்பலின் அடிப்பாகம் உருட்சியாக அமைக்கப்பட்டிருந்தது. 1895இல் ஒரே தோழருடன் கப்பலை நீங்கி, அதுவரை எவரும் எட்டாத 86 பாகை 14 கலை வட அகலக்கோட்டை எய்தினார். 1905இல் நோர்வே சுவீடனிலிருந்து பிரிந்தபோது தாய்நாட்டுக்காக உழைத்து, பின் இலண்டனில் அதன் தூதுவராக விளங்கினார்.

முதலாம் உலக மகாயுத்தத்தின் பின் சர்வதேச சங்கம் தோன்றியது. யுத்தக் கைதிகள் பல இலட்சம் பேர் ரஷ்யாவிலும் ஐரோப்பாவிலும் வீடு திரும்ப வழியின்றி வாடினர். 1920இல் அவர்களை மீட்கும் பொறுப்பைச் சங்கம் நான்சனிடம் ஒப்படைத்தது. சோவியத் அரசோ சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தது; ஆயினும் நான்சன் என்னும் தனிமனிதரோடு பேச இசைந்தது. அன்னாரிடம் படையும் இல்லை, பெரும் பொருளும் இல்லை. இரு தரப்பாரும் நம்பத்தக்க சொல் ஒன்றே இருந்தது. இரண்டு ஆண்டு அளவில் நாலு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தம் இல்லம் சேர்ந்தனர்.

1921இல் ரஷ்யாவின் வொல்கா நதிப் பிரதேசத்தைக் கொடும்பஞ்சம் பற்றியது. ஜெனீவாவிலே நான்சன் அரசுகளிடம் கடனுதவி வேண்டி மன்றாடினார். உதவினால் போல்ஷவிக் ஆட்சி வலுப்பெறுமென அஞ்சி அவை மறுத்தன. நான்சன் பொதுமக்களிடம் கையேந்தினார். அமெரிக்க நிவாரணச் சபையும் பிறரும் பெருந்தொகையினருக்கு உணவளித்தனர். எனினும் பல இலட்சம் உயிர்கள் மடிந்தன. சங்கம் என்பது அதன் அங்கத்தவர் கொடுக்கும் அளவுக்கே வல்லது என்னும் கசப்பான உண்மையை நாம் இங்கே காண்கிறோம்.

புரட்சிக்குப் பின் வெளியேறிய ரஷ்யர் பலர் குடியுரிமை இழந்தனர். எந்நாட்டுப் பத்திரமும் இல்லாதவன் எல்லையைக் கடப்பதெங்ஙனம்? தொழில் தேடுவதெங்ஙனம்? 1922இல் நான்சனின் முயற்சியால், பல அரசுகள் ஏற்ற அத்தாட்சிப் பத்திரமொன்று பிறந்தது. ‘நான்சன் கடவுச்சீட்டு’ எனப் பெயர்பெற்ற அதனைக் காலப்போக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் ஒப்புக்கொண்டன. அவ்வாண்டே சமாதானத்துக்கான நோபல் பரிசும் அன்னாரை அடைந்தது. பரிசுப் பணத்தை நிவாரணப் பணிக்கே ஈந்தார்.

அன்னாரின் பணியில் குறையே இல்லை என்று நாம் கூறோம். கிறீஸ், துருக்கி ஆகிய நாடுகளிடையே 1923இல் உடன்பாடான கட்டாயக் குடிமாற்றத்துக்கு நான்சனும் துணைநின்றார். மேலும் போர் மூளாதிருக்க அது வழியெனக் கருதினார் போலும். ஆயினும், பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தோரின் துயரம் அதனால் சிறிதாகிவிடாது. ஆர்மீனியரைக் குடியமர்த்தும் திட்டமோ பணமின்றித் தளர்ந்தது.

1930ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் நான்சன் காலமானார். அன்னாரின் பெயரால் அமைந்த அகதிகள் காரியாலயம் 1938இல் நோபல் பரிசு பெற்றது.

நாடற்றோர் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. 1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். எஞ்சியோர் துயர் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு துண்டுக் காகிதத்தின் அருமை அவர்கள் அறிவர்.

இளைஞர்காள்! நாடுகள் கூடும் சபைகள் பயனற்றவை எனச் சலித்துக்கொள்வது எளிது. அச்சபைகளுக்கு உயிரூட்டுவது, பகைவரும் நம்பும் ஒருவரது வாய்மையே. அத்தகைய வாய்மையை நம் சங்கத்தின் சிறு பணிகளிலிருந்தே நாம் பயிலத் தொடங்குவோமாக.