ஒரு லட்சம் மைல், ஒரே ஒரு படம்

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல தினமும் வர்றவங்களுக்குத் தெரியும். ஜன்னல் சீட் கிடைச்சா போதும், உடனே போனை எடுத்து ஒரு வீடியோ, ஒரு ஸ்டேட்டஸ். அடுத்த நாள் அது காணாமப் போயிடும். நமக்கும் கவலை இல்லை. ஆனா ஒரு மனிதரைப் பற்றிய பழைய காட்சிகளைத் தேடி, ஒரு தமிழர் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் சுற்றியிருக்கிறார். அவர்தான் ஏ. கே. செட்டியார்.

முழுப் பெயர் அ. கருப்பன் செட்டியார். 1911-ல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தார். இளம் வயதிலேயே ரங்கூன் போய் 'தன வணிகன்' பத்திரிகையை நடத்தினார். பிறகு ஜப்பான் போய் டோக்கியோவிலும், அங்கிருந்து அமெரிக்கா போய் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தார்.

1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். காந்தியைப் பற்றி ஒரு டாகுமெண்டரி எடுத்தால் என்ன என்ற யோசனை அப்போதுதான் வந்தது. அப்ப அவருக்கு 26 வயசு கூட ஆகலை. நம்ம சீனியர்ஸ் வயசுதான்!

யோசனை ஈசி, வேலை கஷ்டம். காந்தி அதுவரை வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பப் போய் ஷூட் பண்ண முடியாதே. வேறு வேறு ஊர்களில், வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வருஷங்களில் எடுத்த ஃபிலிம் எங்கெங்கேயோ கிடந்தது. இன்டர்நெட் கிடையாது. ஒரு ஃபிலிம் இருக்கா இல்லையான்னு தெரியணும்னா கடிதம் எழுதணும், இல்லைன்னா நேரில் போகணும். இங்கிலாந்து, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று போனார். இல்லாத காட்சிகளை இந்தியாவில் புதிதாக எடுக்கவும் செய்தார்.

இப்படி ஏறத்தாழ 50,000 அடி ஃபிலிம் சேர்ந்தது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். 35 எம்எம் ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடினால் 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். அதை வெட்டி ஒட்டி 12,000 அடியாகச் சுருக்கினார், அதாவது இரண்டே கால் மணி நேரம். அன்றைய ஃபிலிம் பெரும்பாலும் நைட்ரேட், சுலபமா தீப்பிடிக்கும். கட், பேஸ்ட் எல்லாம் கத்தரிக்கோலும் பசையும்தான், அன்டூ பட்டன் கிடையாது.

1940 ஆகஸ்டில் படம் தமிழில் வெளியானது. ஆண்டுகொண்டிருந்தது வெள்ளைக்காரன், நடந்துகொண்டிருந்தது இரண்டாம் உலகப்போர். அந்த நேரத்தில் காந்தி படத்தைத் தியேட்டரில் போடுவதே பெரிய துணிச்சல். பிறகு தெலுங்கிலும் வந்தது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கிலப் பதிப்பும் தயாரானது.

அப்புறம் நடந்ததுதான் மனசைப் பிசைகிறது. அந்தத் தமிழ்ப் படம் முழுசாக இன்று நம்மிடம் இல்லை. ரொம்ப வருஷம் கழித்து, வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலில் ஆங்கிலப் பதிப்பின் பிரதி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்தது. தொலையாமல் இருக்கணும்னு உலகம் முழுக்க அலைந்து ஒருவர் சேர்த்ததை, அவர் ஊர்க்காரங்க நாம பத்திரமா வெச்சுக்கலை.

செட்டியார் மட்டும் சேர்ப்பதை நிறுத்தவே இல்லை. 1943-ல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கி, பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த கட்டுரைகளைத் தேடி எடுத்து வெளியிட்டார். பயண நூல்கள் நிறைய எழுதினார். ஆனா அவற்றில் தன்னைப் பற்றிப் பெரிசா எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டார். 1983-ல் சென்னையில் காலமானார். காந்தி படம் எடுத்த கதையை அவரே எழுதியது பின்னாளில் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற புத்தகமாக வந்தது. கிடைத்தால் படியுங்க.

நம்ம பக்கத்துக்கு வருவோம். சிப்காட் வருவதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டி எப்படி இருந்ததுன்னு கேட்டா, ஊர்ப் பெரியவங்க வாயால சொல்வாங்க. போட்டோ இருக்கான்னு கேட்டா யோசிப்பாங்க. ஒருவேளை யார் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியிலாவது நாலு படம் இருக்கலாம். இந்த லீவில் உங்க தாத்தா பாட்டியிடம் கேளுங்க. கிடைத்தால் ஸ்கேன் பண்ணி, யார், எந்த ஊர், எந்த வருஷம்னு எழுதி, இரண்டு இடத்தில் சேவ் பண்ணுங்க. அதுக்கு லட்சம் மைல் போக வேண்டாம், ஒரு லோக்கல் ட்ரெயின் டிக்கெட் போதும்.