பள்ளிகள் கட்டிய ரப்பர் வணிகர்

பிழைக்கப் போன இடத்திலிருந்து பிறந்த ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் வீடாகவும் நகையாகவும் நிலமாகவும் மாறும். அதில் தவறில்லை, குடும்பம் கரையேற வேண்டும் அல்லவா? ஆனால் சம்பாதித்ததைப் பள்ளிகளாகவே மாற்றிக்கொண்டிருந்த ஒருவர் சிங்கப்பூரில் வாழ்ந்தார். அவர் பெயர் டான் கா கீ. 2015 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்ட ஒரு மெட்ரோ ரயில் நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். வேலைக்காக அங்கே சென்றிருக்கும் நம்மவர்கள் பலர் அந்த நிலையத்தில் இறங்கி ஏறியிருப்பார்கள்.

1874 அக்டோபர் 21 அன்று, தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில், ஜிமெய் என்ற கடலோரச் சிற்றூரில் அவர் பிறந்தார். மலை மிகுந்து விளைநிலம் குறைந்த பகுதி அது. தலைமுறை தலைமுறையாக அங்குள்ள ஆண்கள் கப்பலேறிப் பிழைக்கப் போவது வழக்கம். அவருடைய தந்தையும் அப்படிச் சிங்கப்பூரில் அரிசிக்கடை நடத்தியவர்தான். 1890இல், பதினாறு வயதில், மகனும் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார்.

சில ஆண்டுகளில் தந்தையின் தொழில் நொடித்துப் போனது. தந்தை பட்ட கடனுக்கு மகன் பொறுப்பல்ல என்பது அங்கிருந்த சட்டம். கடன்காரர்கள் எதுவும் செய்திருக்க முடியாது. ஆனாலும் டான் கா கீ அந்தக் கடனைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். 1904இல் அன்னாசிப்பழத்தை டப்பாவில் அடைக்கும் சிறு ஆலை ஒன்றைத் தொடங்கி, வந்த இலாபத்தில் சில ஆண்டுகளுக்குள் பாக்கியைத் தீர்த்தார். இதை ஏதோ ஒரு நல்ல குணம் என்று சொல்லிவிட்டுக் கடந்து போய்விடக் கூடாது. பின்னாளில் அவர் ஊருக்காகத் துண்டேந்தி நின்றபோது மக்கள் கணக்குக் கேட்காமல் கொடுத்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1906இல் அன்னாசித் தோட்டத்துக்குள் ரப்பர் விதைகளை ஊன்றினார். மலாயா ரப்பர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அந்தத் தோட்டங்களில் பால் வடித்த தமிழ்த் தொழிலாளர்கள்தான். அதே மரத்தின் பாலிலிருந்துதான் இவருடைய செல்வமும் வந்தது. முதல் உலகப் போரின்போது கப்பல் தொழிலிலும் நல்ல வருமானம். 1920களில் ரப்பர்க் காலணியும் டயரும் செய்யும் பெரிய ஆலைகள், பல நாடுகளில் கடைகள், ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் என்று வளர்ந்துவிட்டார்.

ஜிமெய் ஊரில் டான் குலத்தார்தான் பெரும்பான்மை. ஆனால் அவர்களுக்குள்ளேயே கிளைகள், கிளைகளுக்குள் பகை. ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனித் திண்ணைப் பள்ளிக்கூடம். டான் கா கீ கிளைத் தலைவர்களிடம் பேசி அவற்றை மூடவைத்து, ஒரு மீன்குளத்தை வாங்கித் தூர்த்து, 1913இல் எல்லோருக்கும் பொதுவான தொடக்கப் பள்ளியைத் திறந்தார். கட்டடம் கட்டுவதைவிட அந்தத் தலைவர்களைச் சம்மதிக்கவைத்தது பெரிய வேலையாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பள்ளி வந்தது, பெண் பிள்ளைகள் வெளியே நின்றார்கள். எனவே 1917இல் அவர்களுக்கும் ஒரு பள்ளி. பெண் பிள்ளைகள் வெளியே நின்றார்கள். எனவே 1917இல் அவர்களுக்கும் ஒரு பள்ளி. கடலை நம்பி வாழும் ஊர் என்பதால் 1920இல் மீன்பிடித்தலும் கப்பலோட்டுதலும் கற்பிக்கும் பள்ளி. பிறகு வணிகப் பள்ளி, 1926இல் வேளாண் பள்ளி. வெளிநாட்டுப் பணத்தில் ஊரில் எதையாவது எழுப்ப விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்த வரிசை. ஒரு தேவையைத் தீர்க்கப் போன இடத்தில்தான் அடுத்த தேவை அவர் கண்ணில் பட்டது.

மாநிலத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்றும் நினைத்தார். நாற்பது இலட்சம் டாலர் தருவதாக வாக்களித்து, 1921 ஏப்ரல் 6 அன்று ஷியாமென் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். சிங்கப்பூரில் புகழ்பெற்ற மருத்துவரான லிம் பூன் கெங் அதன் தலைவராகச் சென்றார். தாம் முதலில் கொடுத்தால் தென்கடல் நாடுகளில் வாழும் மற்றச் செல்வர்களும் பின்தொடர்வார்கள் என்று எதிர்பார்த்தார். பெரும்பாலோர் வரவில்லை. அது அவருக்கு ஆறாத வருத்தம்.

1929இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. ரப்பர் விலை தரைமட்டமானது. 1931இல் நிறுவனம் கடன் கொடுத்த வங்கிகளின் பிடிக்குள் போனது. பள்ளிகளுக்கு அனுப்பும் பணத்தை நிறுத்தும்படி அவரை நெருக்கினார்கள். அவர் இணங்கவில்லை. வீடுகளை விற்றுப் பல்கலைக்கழகத்தை நடத்தினார் என்று சீன மக்கள் இன்றும் சொல்கிறார்கள். 1934இல் நிறுவனமே மூடப்பட்டது. 1937இல், இனித் தாங்க முடியாது என்ற நிலையில், எந்த நிபந்தனையும் இன்றிப் பல்கலைக்கழகத்தை அரசிடம் ஒப்படைத்தார்.

தொழில் போன பிறகுதான் அவர் வாழ்வின் பெரிய பணி தொடங்கியது. அதே 1937இல் ஜப்பான் சீனாவின்மீது முழுப் போர் தொடுத்தது. தென்கிழக்காசியாவில் வாழ்ந்த சீனர்கள் மொழிவழக்கு வாரியாகவும் ஊர் வாரியாகவும் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்து கிடந்தார்கள். அவர்களை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்து, 1938 அக்டோபரில் சிங்கப்பூரில் தென்கடல் சீனர் நிவாரணக் கூட்டமைப்பு உருவானது. டான் கா கீ அதன் தலைவர். பெரிய மனிதர்களின் காசோலையை மட்டும் நம்பி அது நடக்கவில்லை. மாதந்தோறும் இவ்வளவு தருகிறேன் என்று கடைப் பணியாளர்கள் பெயர் எழுதிக்கொடுத்தார்கள். தெருவில் கூவி விற்பவர்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். மாணவர்கள் பூ விற்றார்கள். கைம்பெண்ணின் இரண்டு காசுகளை நாம் நன்றாக அறிவோம். அப்படிப்பட்ட காசுகள்தாம் அந்த நிதியில் மலையாகக் குவிந்தன.

பணம் மட்டும் போகவில்லை. சீனத் துறைமுகங்கள் ஜப்பானியர் கையில் விழுந்தபின் போர்ப் பொருள்கள் பர்மா சாலை வழியாகவும் யுனான் மாநிலத்துக்குப் போக வேண்டியிருந்தது. மலைப் பாதையில் லாரி ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் சீனாவில் குறைவு. 1939இல் கூட்டமைப்பு அழைத்தபோது 3,200க்கும் மேற்பட்டவர்கள் நல்ல வேலைகளை விட்டுப் புறப்பட்டார்கள். குண்டுவீச்சிலும் மலேரியாவிலும் விபத்திலுமாக ஆயிரம் பேருக்கு மேல் திரும்பவில்லை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியப் படை சீன ஆண்களைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்தெடுத்துக் கொன்றது. நிவாரண நிதிக்கு உழைத்தவர்கள் முதலில் தேடப்பட்டவர்களில் இருந்தார்கள். தாய்நாட்டுக்குக் கொடுத்தது உயிருக்கு உலையாக முடிந்தது. டான் கா கீ ஜாவாத் தீவுக்குத் தப்பி, போர் முடியும்வரை மறைந்து வாழ்ந்தார். பிடிபட்டால் விழுங்குவதற்கு நஞ்சைக் கையோடு வைத்திருந்தாராம். அவரை இடம்விட்டு இடம் மாற்றிக் காத்தவர்களில் ஜிமெய்ப் பள்ளிகளில் முன்பு படித்தவர்கள் இருந்தார்கள். தங்கள் உயிரையும் பணயம் வைத்த அவர்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

1940இல் சீனாவுக்குச் சென்று இரு தரப்புத் தலைவர்களையும் சந்தித்த பிறகு அவர் மனம் கம்யூனிஸ்டுகள் பக்கம் சாய்ந்தது. விருந்தும் ஆடம்பரமும் ஒரு பக்கம், எளிமை மறுபக்கம் என்று அவர் கண்டார். 1950இல் ஜிமெய் திரும்பி அங்கேயே தங்கிவிட்டார். அந்த ஆட்சியில் சீனத் திருச்சபை பட்ட துன்பங்களை அறிந்த நாம் அவருடைய அரசியல் கணிப்பை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் சொந்த நன்மைக்காக அவர் அந்தப் பக்கம் போனார் என்று யாரும் சொல்வதற்கில்லை.

ஜிமெயில் அவருடைய வீடு ஜப்பானியர் குண்டில் இடிந்து கிடந்தது. பள்ளிக் கட்டடங்களும் சேதமாகியிருந்தன. முதலில் பள்ளிகள், பிறகு வீடு என்று முடிவு செய்தார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர், கைத்தடியோடு நடந்து நடந்து கட்டட வேலையை மேற்பார்த்தார். சர்க்கரைவள்ளிக் கஞ்சிதான் அவருக்குப் பிடித்த சாப்பாடு. பணத்துக்குக் கை கொடுத்தவர் மருமகன் லீ கோங் சியான். மாமனார் நிறுவனத்தில் வேலை கற்று, பின்னர் சொந்தமாக ரப்பர்த் தொழிலில் உயர்ந்தவர் அவர். அதே நிறுவனத்தில் பணியாற்றிய டான் லார்க் சை 1950களில் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகத்தை எழுப்ப முன்னின்றார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு டாக்சி ஓட்டுநர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள்.

1961 ஆகஸ்ட் 12 அன்று டான் கா கீ பெய்ஜிங்கில் இறந்தார். உடலை ரயிலில் ஜிமெய் கொண்டுவந்து கடற்கரையில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற பணம் பிள்ளைகளுக்குப் போகாமல் பள்ளிகளுக்கே போனது. மீன்குளத்தைத் தூர்த்துத் தொடங்கிய இடத்தில் வளர்ந்த கல்லூரிகள் 1994இல் ஒன்றாக இணைந்து ஜிமெய் பல்கலைக்கழகமாயின.