பாட்டை விலக்கிய வீணைக்காரர்

தருமபுரியில், ஓசூர் ஆலைகளுக்குப் பேருந்தில் போய்வரும் தோழர்கள் சிலரோடு அண்மையில் ஓர் இரவு ‘அந்த நாள்’ படம் பார்த்தோம். எழுபது ஆண்டுக்கு முந்திய படம். பாட்டில்லை, ஆட்டமில்லை, சண்டையில்லை! பாதியிலேயே எழுந்து போய்விடுவார்களோ என்று அஞ்சினோம். ஒருவரும் எழவில்லை. அதை இயக்கிய வீணை எஸ். பாலச்சந்தரைப் பற்றி எழுதியே தீரவேண்டும் என்று அன்றே தோன்றிற்று.

1927-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். 1934-இல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில், ஏழு வயதுச் சிறுவனாகத் தலைகாட்டினார். கஞ்சிரா, சிதார் என்று கைக்கு எட்டியதையெல்லாம் வாசித்தார். குரு என்று எவரிடமும் கைகட்டி நில்லாமல் வீணையைத் தாமே கற்றார். 1951-இல் ‘கைதி’யை இயக்கி, தாமே நடித்தார்.

1954-இல் ஏ.வி.எம். தயாரிக்க ‘அந்த நாள்’ வந்தது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் வாயால் பலவிதமாகச் சொல்லும் ஜப்பானியப் படம் ‘ராஷோமோன்’. அந்த முறையை எடுத்துக்கொண்டார். கதையையோ, 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய சென்னையில் வைத்தார்.

‘பராசக்தி’யால் நாடறிந்த சிவாஜி கணேசன், படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் சாகிறார்! ராஜன் என்னும் ரேடியோ பொறியாளன் அவன். ஏழைக்கும் எட்டும் விலையில் ரேடியோ செய்ய நினைத்தான். உதவி கேட்டான், கைவிரித்தார்கள். கசப்பு முற்றி, எதிரிக்கு உளவு சொல்லத் துணிந்தான். காதலித்து மணந்த உஷா – பண்டரிபாய் – தடுக்கிறாள், கெஞ்சுகிறாள். கடைசியில் அவள் கைத்துப்பாக்கியே அவன் உயிரைக் குடிக்கிறது.

காதல் பெரிதா, நாடு பெரிதா என்று மேடையில் கேட்டால் விடை சொல்வது எளிது. உஷாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்! துரோகி ஒழிந்தான் என்று கைதட்ட நம்மால் முடியவில்லை. அவள் செய்தது தவறு என்று சொல்லவும் நா எழவில்லை. அமெரிக்காவில் 1944-இல் ‘டபுள் இன்டெம்னிட்டி’ என்றொரு படம் வந்தது. அதிலும் காதலரின் அழிவு முதலிலேயே தெரிந்துவிடும். அங்கே கெடுத்தது காப்பீட்டுப் பணத்தின்மீது வைத்த ஆசை. இங்கே? படம் முடிந்ததும் தோழர் ஒருவர், கொன்றது யார் என்பதையே மறந்துவிட்டு, அந்த மலிவு ரேடியோவுக்கு ஏன் ஒருவரும் உதவவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நமக்கும் அதே கேள்விதான்.

வந்த புதிதில் படம் ஓடவில்லை. பாட்டெங்கே என்று கேட்டுப் பழகிய காலம் அது. பாலச்சந்தர் அதற்காக வளைந்து கொடுத்தாரில்லை. 1964-இல் ‘பொம்மை’, 1970-இல் ‘நடு இரவில்’ என்று மர்மப் படங்களையே எடுத்தார். பிறகு சினிமாவை விட்டார், வீணையை விடவில்லை. இசை உலகில் பெரும் பெயர்களோடு வாதிடவும் தயங்கியதில்லை. சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் அவருடையவைதாமா என்று கேட்டு, ஒரு புயலையே கிளப்பினார்! 1982-இல் பத்ம பூஷண் பெற்றார்.

‘அந்த நாள்’ திரைக்கு வந்தது 1954 ஏப்ரல் 13. இரும்பாலை நகரமான பிலாயில் பாலச்சந்தர் கண்மூடியது 1990 ஏப்ரல் 13.