காடு கண்ட கிருஷ்ணன்

பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையரைத் தமிழ் நாவல் வரலாற்றிற் குறிப்பிடாத ஆசிரியர் இலர். அவர்தம் இளைய மைந்தர் மா. கிருஷ்ணனை அறிந்தவரோ நம்மிடையே சிலரே. வனவிலங்குகளைக் கூர்ந்து நோக்குதலையும் புகைப்படம் பிடித்தலையும் வாழ்நாட் பணியாகக் கொண்ட தமிழருள் அவரை முதல்வராக வைத்து எண்ணுவேன்.

1912ஆம் ஆண்டு திருநெல்வேலியிற் பிறந்த கிருஷ்ணன், எட்டு மக்களுட் கடைக்குட்டி. 1925இல், சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென வாதாடிய நிலையிலேயே மாதவையர் உயிர் நீத்தார். அப்பொழுது மகனுக்கு வயது 13. பின்னர் அவர் தாவரவியலும் சட்டமும் பயின்றார்; ஆயினும் இரண்டும் சோறிட்டில.

1942இல் சண்டூர் சமஸ்தானத்திற் பணி கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, மன்னரின் செயலாளர் எனப் பல பதவிகள் வகித்தார். பதவிகள் கிடக்க, அங்கிருந்த மலையும் காடுமே அவரை ஆட்கொண்டன. 1949இல் சமஸ்தானம் மறையவே சென்னைக்கு மீண்டார். அதன்பின் சம்பள உத்தியோகம் எதனையும் நாடாது, எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். குடும்பஸ்தர் ஒருவருக்கு அஃது எளிய துணிவன்று.

அவருடைய புகைப்படக் கருவி கடையில் வாங்கிய வண்ணம் இருந்ததில்லை. ஒன்றின் உடலையும் வேறொன்றின் வில்லையையும் தாமே பொருத்திக் கொள்வார். பாரமான அக்கருவியுடன், பழக்கிய யானையின் முதுகேறிக் காட்டுட் புகுவார். கறுப்பு வெள்ளையே அவர் விரும்பிய நிறம். படங்களைத் தம் இல்லத்து இருட்டறையில் தாமே கழுவி அச்சிடுவார். விலங்கின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுதல் அவர் நெறியன்று. அது நிற்கும் புல், மரம், நீர்நிலை யாவும் படத்தில் அமைதல் வேண்டும். குறிஞ்சித்திணைப் பாடல்களிற் களிறும் பிடியும் தம் மலைச்சாரலோடு சேர்ந்தே தோன்றுதலைக் கற்பித்துவரும் எனக்கு, இந்நெறி புதிதாகத் தோன்றவில்லை.

ஒலுவில் துறைமுகத்துக்கு வரும் நம் இளைஞர், கைத்தொலைபேசியில் யானைப் படங்களை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்கின்றனர். அவர்கட்கு ஒன்று கூறுவேன். அண்டையிலுள்ள பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கை உண்ணும் படங்கள் 2022இல் உலகெங்கும் பரவின. அங்கே யானையை மட்டும் வெட்டியெடுத்திருப்பின் அழகிய படம் கிடைத்திருக்கும். குப்பையும் உடன் நின்றமையாலன்றோ அது சான்றாயிற்று!

1968இல் நேரு நினைவு ஆய்வுநிதி பெற்று, தென்னாட்டின் பெருவிலங்குகளை ஊரூராய், காடுகாடாய் ஆராய்ந்தார். பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வந்தது. புலிகளைக் காக்க எழுந்த பெருந்திட்டத்திற்கும் அவர் ஆலோசனை பயன்பட்டது. அயல்நாட்டு அலங்கார மரங்களைச் சாலையோரங்களில் நடுவதைக் கடிந்தெழுதினார். மண்ணுக்குரிய மரத்திலன்றி மண்ணுக்குரிய பறவை எங்ஙனம் வாழும்?

கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950இல் தொடங்கிய இயற்கைக் குறிப்புகளை 46 ஆண்டுகள் இடையறாது எழுதினார். ஆங்கிலத்திற் புகழ்பெற்ற அவர், தமிழிலும் தெளிந்த நடையினர். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த மழைக்காலமும் குயிலோசையும் என்னும் நூலாகக் கிடைக்கின்றன. உயர்வகுப்பு மாணவர் அதனை அகராதியின் துணையின்றியே படிக்கலாம்.

1996 பெப்ரவரி 18ஆம் நாள் கிருஷ்ணன் மறைந்தார். அவருடைய கடைசிக் குறிப்பும் அன்றைய இதழிலேயே வெளிவந்தது.