கழிவைக் குறைத்த கணித மேதை

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும், சிதம்பரத்தின் நான்கு வீதிகளைச் சுற்றியும், கட்டட வேலை நடக்கும் இடங்களில் எல்லாம் ஒரு காட்சியைக் காணலாம். சுவரோரமாகக் கம்பித் துண்டுகள் குவிந்து கிடக்கும். சில முழ நீளம், சில ஆள் உயரம். எதற்கும் பொருந்தாமல் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்த பின், ஒரு நாள் காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துச் செல்வார். முழுக் கம்பிக்குக் கொடுத்த விலை வேறு, துண்டுக்குக் கிடைக்கும் விலை வேறு. இடையில் உள்ள நஷ்டம் வீடு கட்டுகிறவர் தலையில்தான் விழுகிறது.

2004-ம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி வீசிய தானே புயலுக்குப் பின்னும், இந்தக் கரையோர மக்கள் கடன்பட்டு வீடு கட்டினார்கள். அத்தகையவர்களுக்கு ஒரு கம்பி மிச்சமானாலும் அது பெரிய உதவி அல்லவா?

துண்டு விழுவதைத் தவிர்க்க முடியாது என்பது பொதுவான எண்ணம். எவ்வளவு தவிர்க்கலாம், எதற்கு மேல் தவிர்க்கவே முடியாது என்ற இரண்டையும் கணக்கினாலேயே சொல்லிவிடலாம் என்று காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் தச்சரும் அல்லர், மேஸ்திரியும் அல்லர். லியோனிட் கான்டரோவிச் என்ற ருஷ்யக் கணிதப் பேராசிரியர். நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் ருஷ்யாவின் ஒத்துழைப்புடன் எழுந்து, 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியதை நம் பக்கத்துப் பெரியவர்கள் அறிவார்கள். அந்த ருஷ்யாவில், சிக்கனத்துக்கு வழி சொன்ன இம்மேதை, தாம் கண்டதை வெளியிட வெகுகாலம் காத்திருக்க நேர்ந்தது.

பதினான்கு வயதில் பல்கலைக்கழகம்

கான்டரோவிச் 1912-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் மருத்துவர். பிள்ளைக்கு ஐந்து வயதானபோது ருஷ்யப் புரட்சி வெடித்தது. அடுத்து வந்த உள்நாட்டு யுத்தத்தின்போது குடும்பம் ஊரை விட்டு, ஓராண்டு பைலோருஷ்யாவில் தங்க வேண்டியதாயிற்று. 1922-ல் தகப்பனார் காலமானார். அப்போது கான்டரோவிச்சுக்கு வயது பத்து. தாயாரே வளர்த்து ஆளாக்கினார்.

பிறந்த நகரம் 1924-ல் லெனின்கிராடு என்று பெயர் மாறியது. 1926-ல், தம் பதினான்காம் வயதில், கான்டரோவிச் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். 1930-ல் பட்டம் பெற்றார். 1934-ல், இருபத்திரண்டு வயதில், அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அடுத்த ஆண்டு ஆய்வேடு எதுவும் கேட்காமலே டாக்டர் பட்டம் வழங்கினார்கள். அதுவரை அவர் ஆராய்ந்ததெல்லாம் தூய கணிதம். பட்டறைக்கும் அதற்கும் வெகுதூரம்.

பலகை ஆலையிலிருந்து வந்த கேள்வி

1938-ல் ஒட்டுப்பலகைத் தொழிலைச் சேர்ந்த ஓர் ஆய்வுக்கூடத்தார் அவரிடம் ஆலோசனை கேட்டு வந்தனர். இன்று நாம் பிளைவுட் என்று சொல்லும் பலகைதான். மரக்கட்டையைச் சுழலவிட்டு, மெல்லிய ஏடாக உரித்தெடுக்கும் இயந்திரங்கள் எட்டு இருந்தன. உரிக்க வேண்டிய மரம் ஐந்து வகை. ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு வகை மரத்தை ஒவ்வொரு வேகத்தில் உரிக்கும். ஐந்து வகையும் குறித்த விகிதத்தில் வேண்டும். மொத்த உற்பத்தியும் அதிகபட்சமாக இருக்க வேண்டும். எந்த இயந்திரத்துக்கு எந்த மரத்தை எவ்வளவு நேரம் கொடுப்பது?

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் பள்ளியில் படித்த முறைகளைக் கொண்டு எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கப் புகுந்தால் ஒரு மனிதரின் ஆயுள் போதாது. கான்டரோவிச் யோசித்துப் பார்த்தார். இது பலகை ஆலையின் தொல்லை மட்டும் அன்று. இதே உருவத்தில் எண்ணற்ற கேள்விகள் நாடெங்கும் உள்ளன என்பது அவருக்குப் புலப்பட்டது. எந்த நிலத்தில் எந்தப் பயிர், எந்த ரயிலில் எந்தச் சரக்கு, முழுப் பலகையையும் முழுக் கம்பியையும் எப்படி வெட்டினால் கழிவு குறையும் என்பவையெல்லாம் ஒரே இனம். 1939-ல் இவற்றை ஒன்றுசேர்த்து, உற்பத்தியைத் திட்டமிடும் கணித முறைகள் பற்றி ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். கழிவு குறைய வெட்டும் கணக்கு அதில் ஒரு முக்கியமான பகுதி.

பதிமூன்று போதுமா, பதினான்கு வேண்டுமா?

அவர் முறையின் சாரத்தை நம் ஊர்க் கட்டட வேலையைக் கொண்டே விளக்கலாம். கடையில் கிடைக்கும் கம்பியின் நீளம் 12 மீட்டர். வேலைக்கு 7 மீட்டர் துண்டு 10, 4 மீட்டர் துண்டு 20 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

இன்று 7 மீட்டர் துண்டுகளை வெட்டச் சொல்கிறார்கள். பத்துக் கம்பிகள் வெட்டப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் 5 மீட்டர் மிஞ்சுகிறது. அது ஓரமாகப் போய்விடுகிறது. அடுத்த வாரம் 4 மீட்டர் துண்டுகள் கேட்கிறார்கள். கம்பிக்கு மூன்று வீதம் இருபதுக்கு ஏழு கம்பிகள். ஆக 17 கம்பிகள்.

இரண்டு தேவைகளையும் முதல் நாளே ஒரே தாளில் எழுதியிருந்தால்? பத்துக் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் 7 மீட்டர் ஒன்றும் 4 மீட்டர் ஒன்றும் எடுக்கலாம். கழிவு ஒரு மீட்டர்தான். மீதி வேண்டிய பத்து 4 மீட்டர் துண்டுகளுக்கு நான்கு கம்பிகள். அவற்றில் கடைசிக் கம்பியில் 8 மீட்டர் முழுசாக மிஞ்சி, அடுத்த வேலைக்கு ஆகும். மொத்தம் 14 கம்பிகள். மூன்று கம்பிகள் மிச்சம்.

இது வரைக்கும் அனுபவம் உள்ள மேஸ்திரியே சொல்லிவிடுவார். ஆனால் 13 கம்பியில் முடிக்க முடியாதா என்று கேட்டால்? தேவையான மொத்த நீளம் 150 மீட்டர். 13 கம்பிகளின் நீளம் 156 மீட்டர். நீளத்தை மட்டும் பார்த்தால் போதும் போலத்தான் தோன்றுகிறது. இங்கேதான் கான்டரோவிச்சின் கணக்கு வேண்டியிருக்கிறது.

அவர் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மதிப்பு வைத்தார். முழுக் கம்பி 600 ரூபாய் என்று கொள்வோம். 4 மீட்டர் துண்டுக்கு 200 ரூபாயும், 7 மீட்டர் துண்டுக்கு 400 ரூபாயும் மதிப்பு வைப்போம். நீளக் கணக்குப்படி 7 மீட்டருக்கு 350 ரூபாய்தானே என்று கேட்கலாம். ஆனால் அதை வெட்டிய பின் மிஞ்சும் 5 மீட்டரில் 4 மீட்டர் துண்டு ஒன்றுக்கு மேல் எடுக்க முடியாது. எனவே அது கம்பியில் மூன்றில் இரண்டு பங்கை உண்மையில் விழுங்கிவிடுகிறது. இப்போது ஒரு கம்பியை எப்படி வெட்டினாலும் 600 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள துண்டுகள் கிடைக்கா. நமக்கு வேண்டியதோ 10 துண்டு 400 வீதமும், 20 துண்டு 200 வீதமும், ஆக 8,000 ரூபாய் மதிப்புக்கு. 13 கம்பிகள் தருவது 7,800 மட்டுமே. ஆகவே 13 போதாது; 14-க்குக் குறைத்து யாராலும் முடியாது. இனி அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை!

இரண்டே அளவு இருப்பதால் இங்கே எளிதாக முடிந்தது. இருபது அளவுகள் இருந்தால் வெட்டும் வகைகள் லட்சக்கணக்கில் பெருகிவிடும். அப்போதும் இந்த மதிப்புகளைப் படிப்படியாகத் திருத்திக்கொண்டே போய் நல்ல வழியை அடையலாம் என்பதே அவர் கண்ட நுட்பம்.

மதிப்பே வினையாயிற்று

ஆனால் அந்த மதிப்புதான் அவருக்கு ஆபத்தாகவும் முடிந்தது. ஒரு பொருளின் மதிப்பு அதில் செலவான உழைப்பினாலேயே அமைகிறது என்பது அந்நாட்டின் அரசாங்கக் கொள்கை. பொருள் எவ்வளவு அரிதாக இருக்கிறது, வேறு எதற்குப் பயன்பட்டிருக்கும் என்பதைக் கொண்டு மதிப்பு வைப்பது முதலாளித்துவ நாடுகளின் விலைக் கணக்குப் போலத் தோன்றியது. ஸ்டாலின் காலத்தில் அத்தகைய பெயர் எடுப்பது உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

யுத்த காலத்தில், 1942-ல், நாட்டின் வளங்களைச் சிறந்த முறையில் பயன்படுத்துவது பற்றி ஒரு பெரிய நூலை அவர் எழுதி முடித்தார். திட்டத்துறை அதிகாரிகள் ஏற்கவில்லை. விடாப்பிடியாக நின்றால் என்ன நேரும் என்பதை உணர்ந்து, கையெழுத்துப் பிரதியை வைத்துவிட்டுக் கணிதத்துக்கே திரும்பினார். கணிதத்தில் அவர் புகழ் குறையவில்லை. 1949-ல் ஸ்டாலின் பரிசே கிடைத்தது. பொருளாதார நூலோ அச்சேறாமல் கிடந்தது.

கழிவு குறைந்ததால் வந்த வம்பு

யுத்தம் முடிந்த பின், லெனின்கிராடில் உள்ள எகோரோவ் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் கணக்கைச் செயலில் காட்ட வாய்ப்பு வந்தது. போர்முனையிலிருந்து திரும்பிய ஸல்கல்லர் என்ற இளம் கணிதர் உடன் உழைத்தார். உலோகத் தகடுகளும் சட்டங்களும் கணக்குப்படி வெட்டப்பட்டன, கழிவு குறைந்தது. இருவரும் சேர்ந்து 1951-ல் இதற்கென்றே ஒரு நூலும் வெளியிட்டார்கள்.

அதைத் தொடர்ந்து நடந்ததாக ஒரு வேடிக்கையான செய்தி சொல்லப்படுவதுண்டு. அந்நாட்டில் ஒவ்வொரு தொழிற்சாலையும் இத்தனை டன் கழிவு இரும்பை உருக்காலைக்கு அனுப்ப வேண்டும் என்றும் திட்டம் இருந்தது. கழிவு குறைந்ததால் தொழிற்சாலையால் அந்தக் கடமையைச் செய்ய முடியவில்லை. சிக்கனம் செய்தவர்களிடமே விளக்கம் கேட்கும் நிலை வந்ததாம்! மிச்சம் பிடித்தவனைக் குற்றவாளியாக்கும் விதி எங்கே இருந்தாலும், அங்கே கணக்கினால் மட்டும் கழிவு ஒழியாது.

இருபது ஆண்டுக்குப் பின் வந்த நாள்

இதற்கிடையில், அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்ஸிக் என்ற கணிதர் 1947-ல், கான்டரோவிச்சை அறியாமலே, இதே இனத்துக் கணக்குகளுக்கு வேறொரு முறை கண்டார். அது விரைவில் உலகெங்கும் பரவியது. 1953-ல் ஸ்டாலின் மறைந்த பின் ருஷ்யாவிலும் காற்று சற்றே திரும்பியது. 1942-ல் எழுதிய நூல் 1959-ல் அச்சேறியது. 1939-ம் ஆண்டுப் பிரசுரம் 1960-ல் ஆங்கிலத்தில் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இவ்வளவு தூரம் வந்திருந்தாரா என்று மேல்நாட்டார் வியந்தனர்.

1961-ல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கில்மோர், கோமரி என்ற இருவர், வெட்டும் வகைகளை முன்கூட்டியே பட்டியல் போடாமல், துண்டுகளின் மதிப்பைக் கொண்டே அடுத்த நல்ல வகையைத் தேடிப் பிடிக்கும் முறையைக் கண்டனர். காகித ஆலைகளின் அகன்ற சுருள்களைக் கழிவின்றிப் பிரிப்பதற்கு அது பெரிதும் உதவியது. இன்று கம்பியையும் கண்ணாடியையும் தகட்டையும் வெட்டித் தரும் பெரிய ஆலைகளில் கம்ப்யூட்டர் செய்யும் கணக்குக்கு அடிப்படை இதுதான்.

கான்டரோவிச் 1960-ல் சைபீரியாவின் நோவோஸிபிர்ஸ்க் நகருக்குச் சென்று ஆராய்ச்சி நடத்தினார். 1965-ல் மற்ற இருவருடன் லெனின் பரிசு பெற்றார். 1975-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் அமெரிக்காவில் பணிபுரிந்த கூப்மன்ஸுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஒரு காலத்தில் சொல்லவே அஞ்சிய கருத்துக்கு உலகமே மாலையிட்டது. 1986-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி மாஸ்கோவில் அவர் காலமானார்.

அண்ணாமலைநகரில் பொறியியல் படிக்கும் மாணவருக்கு இந்தக் கணக்கு பாடமாக இருக்கலாம். வீடு கட்டுகிறவருக்கு அவ்வளவு வேண்டியதில்லை. வேலைக்கு வேண்டிய எல்லா அளவுகளையும், எல்லா எண்ணிக்கைகளையும் முதல் கம்பியில் கைவைக்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்வது. நீளமான துண்டுகளுக்கு ஜோடி தேடிய பிறகே வெட்டச் சொல்வது. இந்த இரண்டைச் செய்தாலே போதும். தாளுக்கும் பென்சிலுக்கும் ஆகும் செலவு சில ரூபாய்தான். மிஞ்சுவதோ முழுக் கம்பி!